மூன்று கழித்தல் குறிகள்

இடது பக்கத்தை வரைந்து முடித்தபோது மாலை மணி ஏழு. நூற்பாலை ஒன்றுக்கான கன்வேயர் அது. வைண்டிங் பிரிவில் நூல் சுற்றி முடித்த கோன்களைப் பேக்கிங் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத் தகடு, கால்கள், காலைத் தகட்டோடு பிணைக்கும் பிராக்கெட்டுகள், பேரிங், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கட்டை, கோன் விழாமல் தடுக்கும் கம்பி, அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு பிராக்கெட்டுகள், எல்லாவற்றையும் பூட்டும் போல்ட், நட், வாஷர் என்று ஒரு பக்கத்துக்கு 64 உருப்படிகள். வலது பக்கம் இதன் கண்ணாடிப் பிம்பம்தானே, ஒரு கட்டளை கொடுத்தால் வந்துவிடும், எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று மெனுவைத் திறந்தேன்.

அப்படியொரு கட்டளையே அங்கே இல்லை.

முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு நான் வைத்திருக்கும் பதிப்பைச் சந்தேகப்பட்டேன். நான் பயன்படுத்துவது ஃப்ரீகேட், இயந்திரப் பாகங்களைக் கணினியில் வரையும் இலவச மென்பொருள். எங்களைப் போன்ற நான்கு பேர் கொண்ட வடிவமைப்பு அலுவலகத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் கட்டுப்படியாகாது என்பதால் அதில் இறங்கினேன், பிறகு அதன் குணம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டேன். பாகங்களை ஒன்றாகக் கோக்கும் அசெம்பிளி வசதி அதில் நெடுநாள் கூடவே பிறக்கவில்லை. ஏ2பிளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4 என்று தன்னார்வலர்கள் எழுதிய துணை நிரல்களை ஒட்டிக்கொண்டுதான் வேலை நடந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் மென்பொருளுக்குள்ளேயே அசெம்பிளி இடம்பிடித்தது. சுழலும் இணைப்பு, வழுக்கும் இணைப்பு, பந்து இணைப்பு, பற்சக்கரம், பெல்ட், திருகு எல்லாம் அதில் உண்டு. மிரர் மட்டும் இல்லை. தனிப் பாகத்தைக் கண்ணாடியில் கவிழ்க்கலாம். அதற்கு ஒன்றுக்கு இரண்டு வழி இருக்கிறது. கோத்து முடித்த கூட்டத்தைக் கவிழ்க்க வழி இல்லை.

எரிச்சல் வந்தது. இவ்வளவு செய்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று பஸ்ஸில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் காரணம் காலடியிலேயே கிடப்பது தெரிந்தது.

அசெம்பிளியில் ஒரு பாகத்தைச் செருகும்போது மென்பொருள் அந்தப் பாகத்தை நகலெடுப்பதில்லை. மூலப் பாகம் ஒரு கோப்பில் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் அசெம்பிளியில் இருக்கிறது. எங்கே என்பதற்கு மூன்று எண்கள். எப்படித் திரும்பியிருக்கிறது என்பதற்கு நான்கு எண்கள். 1843இல் டப்ளினில் ஹாமில்டன் கண்டுபிடித்த குவாட்டர்னியன் என்ற எண்கூட்டம் அது. ஆக, ஒரு போல்ட்டை இந்த உலகத்தில் எங்கே வைத்தாலும் ஏழு எண்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த ஏழு எண்களாலும் நகர்த்த முடியும், திருப்ப முடியும், கவிழ்க்க முடியாது. இடது கால் செருப்பை எடுத்து எப்படி வேண்டுமானாலும் சுழற்றுங்கள், தலைகீழாக்குங்கள், வீட்டைச் சுற்றி எடுத்து வாருங்கள். அது வலது கால் செருப்பாகாது. அதற்கு வேறொரு செருப்புத்தான் வேண்டும். வேறொரு செருப்பு என்றால் வேறொரு கோப்பு, வேறொரு பெயர், வேறொரு வரைபடம். அதை யார் உண்டாக்குவது, என்ன பெயர் வைப்பது, மூலம் மாறினால் இதுவும் மாற வேண்டுமா என்ற கேள்விகள் அத்தனையும் அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஏன் தள்ளிப்போட்டார்கள் என்பது இப்போது புரிகிறது.

இது நேற்று வந்த தலைவலியும் அல்ல. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே, ஒரு மூலப் படத்தை வைத்துக்கொண்டு பல இடங்களில் அதன் பிரதிகளைக் காட்டும் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு எண்கள்: இடத்துக்கு இரண்டு, சுழற்சிக்கும் அளவுக்கும் இரண்டு. அந்தக் கணக்கிலும் கவிழ்ந்த பிரதிக்கு இடமில்லை.

இதெல்லாம் தெரிந்தும், மறுநாள் காலை, ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். 64 உருப்படிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையைத் தனிப் பாகமாக நினைத்துக் கவிழ்ப்பது. தனிப் பாகத்தைக் கவிழ்க்கத்தான் வசதி இருக்கிறதே. திரையில் பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு பக்கமும் கோயில் வாசல்போல் சமமாக நின்றன. காபி குடித்துவிட்டு வந்து உருப்படிப் பட்டியலை எடுத்தேன். வலது பக்கம் முழுவதும் ஒரே உருப்படியாக, எண்ணிக்கை ஒன்று என்று வந்தது. போல்ட்டுகளைக் காணோம். பேரிங்கைக் காணோம். போல்ட் வாங்காமல் கன்வேயர் நிற்காது என்பதை வாங்குபவருக்கு எப்படிச் சொல்வது?

அதைவிட மோசமானது பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. வலது பக்கத்து எம்10 போல்ட்டுகளின் மரையெல்லாம் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது. வழக்கமான மரையைக் கண்ணாடியில் பார்த்தால் அது இடமரை. இடமரை உலகத்தில் இல்லாமல் இல்லை. எங்கள் பட்டறையில் வெல்டிங்குக்கு நிற்கும் இரண்டு சிலிண்டர்களில் ஆக்சிஜனுக்கு வலமரை, அசிட்டிலீனுக்கு இடமரை. அவசரத்தில்கூட ஒன்றின் ரெகுலேட்டரை மற்றொன்றில் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக. சைக்கிளின் இடது பெடல் இடமரை. ஆனால் கன்வேயருக்கு இடமரை போல்ட் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்டால், எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்பார்கள். பேரிங் கூட்டின் மேல் இருந்த எழுத்துகளும் ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியதுபோல் திரும்பி நின்றன. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூட்டையை அழித்தேன்.

அடுத்து எதிர்ப் பக்கத்துக்கே ஓடினேன். கவிழ்த்தால்தானே தொல்லை, எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, திருப்பித் திருப்பி வலது பக்கத்தில் வைத்துவிடுவது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கையாலேயே வைத்தேன். பார்வைக்குச் சரியாக இருந்தது. வரைபடங்கள் லேசர் வெட்டுக்குப் போயின.

இரண்டு வாரம் கழித்துப் பொருத்தும் நாளில் எங்கள் ஃபிட்டர் அண்ணன் கூப்பிட்டார். கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகள் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு, அவர் முன்னால் வரிசையாகக் கிடந்தன.

“தம்பி, இந்த ஆளுக்கு இரண்டு கையும் இடது கையாக இருக்கிறதே.”

நான் குனிந்து பார்த்தேன். எல் வடிவத்தில் மடித்த 3 மில்லிமீட்டர் தகடு. ஒரு மடிப்பில் நீள்துளை, அது நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருந்தது. திரையில் திருப்பி வைத்தபோது அந்த ஓரம் எந்த ஓரம் என்று நான் கவனிக்கவே இல்லை.

“திருப்பி மடித்துவிடலாமா அண்ணா?”

“மடிக்கலாம். கையோடு வந்துவிடும்.”

எஃகுத் தகட்டை ஒருமுறை மடித்துவிட்டு, அதே கோட்டில் நிமிர்த்தி மறுபுறம் மடித்தால் விரிசல் விடும் என்பதை அவர் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார். வலது பக்கத்துக்கான ஆறும் வீண். அவற்றை அவர் எறியவில்லை. பட்டறைச் சுவரில் வரிசையாக அறைந்து தண்ணீர் பாட்டில் மாட்டக் கொக்கியாக்கிவிட்டார். நான் உள்ளே போகும்போதெல்லாம் ஆறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

புதிதாக ஆறு செய்ய வேண்டும் என்றதும் நான் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி வெட்டுப்படம் தயாரிக்க உட்கார்ந்தேன். அவர்தான் தடுத்தார். மடிப்பதற்கு முன் தகடு தகடுதான். வெட்டிய வெற்றுத் தகட்டை இந்தப் பக்கமாகப் போட்டு மடித்தால் இடம், புரட்டிப் போட்டு மடித்தால் வலம். ஒரே வெட்டு போதும். மடிப்பவரிடம் ஆறு இப்படி, ஆறு அப்படி என்று சொன்னால் சரி. நான் மென்பொருளில் நாள் முழுக்கத் தேடிய கட்டளை அவருடைய மணிக்கட்டில் இருந்தது. எங்கே இது செல்லாது என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு முகம் மட்டும் மெருகேற்றி பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும் ஸ்டெயின்லெஸ் தகடாக இருந்தால் புரட்டும்போது மெருகு உள்ளே போய்விடும். அதற்குக் கவிழ்ந்த வெட்டுத்தான் வேண்டும். லேசர் வெட்டின் பிசிறு எந்த முகத்தில் இருக்கும் என்பதும் மாறும். கை படும் இடமாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து 64 உருப்படிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம்: உனக்குக் கை உண்டா? அவர் வார்த்தை அது. இடது, வலது என்ற பேதம் இருக்கும் பாகத்துக்கு அவர் மொழியில் கை உண்டு. இல்லாததற்குக் கை இல்லை. போல்ட், நட், வாஷர் 44. கை இல்லை, அவற்றின் மரைக்கு உண்டு, ஆனால் அது கடைக்காரர் பாடு, நாம் தொட வேண்டாம். மீதி 20இல் கால் மூன்றுக்கும் இல்லை, கால் பிராக்கெட்டுக்கும் இல்லை, பேரிங்குக்கும் கம்பிக்கும் இல்லை. கடைசியில் கை இருந்தது ஐந்தே வகைக்கு: அந்தப் பாழாய்ப்போன கம்பி பிராக்கெட், பெல்ட்டை இழுக்கும் கட்டை, சென்சர் தகடு, கோடியில் வரும் மூடி, பக்கத் தகடு.

பக்கத் தகட்டில் ஒரு விஷயம் கவனித்தேன். தட்டையான தகட்டில் நேராக ஊடுருவும் துளைகள் மட்டும் இருந்தால் அதற்குக் கை கிடையாது. எவ்வளவு தாறுமாறாகத் துளை போட்டிருந்தாலும் சரி. புரட்டினால் அதுவே கவிழ்ந்த பிம்பம். எங்கள் தகட்டுக்குக் கை வரக் காரணம், நான்கு திருகுகளின் தலை தகட்டுக்குள் அமிழ வேண்டும் என்று நான் கொடுத்திருந்த கூம்புக் குழிகள். அழகுக்காகக் கொடுத்தது. அந்தக் குழிகளை எடுத்துவிட்டுச் சாதாரணத் துளையும் தலை தகட்டின் மேலேயே உட்காரும் போல்ட்டும் போட்டேன். தகட்டுக்குக் கை போயிற்று. இரண்டு வரைபடம் ஒன்றாயிற்று. அசெம்பிளியில் மிரர் பொத்தான் இருந்திருந்தால் அது எனக்கு இரண்டு தகடுகளைச் சத்தமில்லாமல் கொடுத்திருக்கும், நானும் நன்றி சொல்லி வாங்கியிருப்பேன்.

இனி கணக்கு. கை இல்லாத உருப்படிகள் அத்தனையையும் மறுபடி கையால் திருப்பி வைக்க எனக்குப் பொறுமை இல்லை. சலூனில் உட்கார்ந்தபோது விடை கிடைத்தது என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். ஆனால் விளக்கத்துக்குச் சலூனைவிட நல்ல இடம் கிடையாது. எதிரே ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. பின்சுவரில் தொங்கும் நாட்காட்டி எதிர்க் கண்ணாடியில் திரும்பித் தெரியும். தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தால், அதற்குள்ளே தெரியும் எதிர்க் கண்ணாடியில் எழுத்து நேராகிவிடும். இரண்டு முறை கவிழ்த்தால் அது கவிழ்ப்பே அல்ல. வெறும் நகர்த்தலும் சுழற்சியும்தான்.

ஒரு பாகம் தன்னளவில் சமச்சீராக இருந்தால், அதன் நடுத்தளத்தில் அதை ஒருமுறை கவிழ்த்தாலும் அது மாறாது. பிறகு இயந்திரத்தின் நடுத்தளத்தில் இன்னொருமுறை கவிழ்க்கிறோம். மொத்தம் இரண்டு கவிழ்ப்பு. ஆக, விடை அந்த ஏழு எண்களுக்குள் அடங்கும் ஒரு சாதாரண இடமாற்றம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. இயந்திரத்தின் நடுத்தளம் எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களில் எக்ஸ் எண்ணின் குறியை மாற்று. சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்களில் ஒய், இசட் இரண்டின் குறியையும் மாற்று. எக்ஸையும் நான்காவது எண்ணையும் தொடாதே. முடிந்தது. மூன்று கழித்தல் குறிகள்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, அதில் நான் ஒரு முழு மதியத்தை இழந்தேன். பாகம் தன் கோப்புக்குள் எந்தத் தளத்தில் சமச்சீராக இருக்கிறது? மேற்சொன்ன சூத்திரம், ஒவ்வொரு பாகமும் தன் சொந்த எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் சமச்சீராக வரையப்பட்டிருந்தால்தான் செல்லும். கால் பிராக்கெட்டை நான் வேறு தளத்தில் வரைந்திருந்தேன். அது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேரிங்குக்குத் தொடக்கப்புள்ளி நடுவில் இல்லாமல் அடியில் ஓர் ஓரத்தில் இருந்தது, அதனால் அது ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அந்த நாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு விதி கறாராக இருக்கிறது: பாகம் வரையும்போது சமச்சீர்த் தளம் எது என்று முதலில் கேள், அதை ஒய்-இசட் தளத்தில் வை, பிறகு முதல் கோட்டைப் போடு. புதிதாக வந்த பையன் இதை மூடநம்பிக்கை என்று நினைத்தான். மூன்றாம் மாதம் அவனே அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

கை உள்ள பாகத்துக்கும் அதே சூத்திரம்தான். இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பாகத்தை அதன் கோப்பிலேயே ஒய்-இசட் தளத்தில் கவிழ்த்து இன்னொரு பாகமாக்கிக்கொள்ள வேண்டும். ஃப்ரீகேட்டில் அந்தக் கவிழ்ந்த பாகம் மூலத்தோடு தொடர்பில் இருக்கும். மூலத்தில் துளையை நகர்த்தினால் இதிலும் நகரும். அசெம்பிளியில் மூலத்துக்குப் பதில் கவிழ்ந்ததைச் செருகி, அதே மூன்று கழித்தல் குறிகளைப் போட்டால் சரியான இடத்தில் போய் நிற்கும். வலது தகட்டில் மட்டும் மோட்டாருக்காக நான்கு துளை கூடுதலாக வேண்டுமா? கவிழ்ந்த பாகத்தின் மேலேயே வெட்டிக்கொள்ளலாம், இடதுக்குத் தெரியவராது.

இதைப் பைத்தான் மொழியில் முப்பது வரி மேக்ரோவாக, அதாவது இந்த வேலையைத் தானே செய்யும் சிறு நிரலாக, எழுதினேன். இடது பக்கத்து உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால், ஒவ்வொன்றின் பெயரையும் பார்க்கும். பெயர் ‘இட’ என்று முடிந்தால் அதே பெயரில் ‘வல’ என்று முடியும் பாகத்தைத் தேடிச் செருகும், அப்படி ஒன்று இல்லாவிட்டால் நின்று திட்டும். பெயரில் கை இல்லாவிட்டால் அதே பாகத்தைச் செருகும். முதல்முறை ஓடியபோது வலது பக்கம் முழுவதும் இரண்டு விநாடியில் வந்து நின்றது. உருப்படிப் பட்டியலில் போல்ட் எண்ணிக்கை இரட்டித்திருந்தது. மரை மரையாகவே இருந்தது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். மேக்ரோ உருப்படிகளை வைக்கிறது, இணைப்புகளை வைப்பதில்லை. வலது பக்கத்தில் எல்லாவற்றையும் அசையாதபடி தரையோடு அறைந்துவிடுகிறேன். இடது பக்கத்தில் ஏதாவது மாறினால் வலது பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அசையும் பாகங்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு வேறு முறை: அசெம்பிளியின் நடுவில் வெறும் எலும்புக்கூடுபோல் ஒரு வரைவு, அதில் இரு பக்கமும் சமமாக ஆய அச்சுக் குறிகள், பாகங்களின் முகங்களோடு அல்லாமல் அந்தக் குறிகளோடு இணைப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அச்சுக் குறியையும் கவிழ்க்க முடியாது. மூன்று அச்சும் சேர்ந்தால் அதற்கும் ஒரு கை உண்டு, மென்பொருளுக்கு வலது கை மட்டும்தான் தெரியும். கவிழ்த்த இடத்தில் ஏதாவது ஓர் அச்சை மனம்போல் திருப்பி வைத்தாக வேண்டும். எது என்பதில் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்காவிட்டால் அன்றைக்குச் சண்டைதான்.

மேக்ரோ வந்த மயக்கத்தில், பார்ப்பதெல்லாம் பிம்பமாகவே தெரிந்தது. கன்வேயரைப் பொருத்தப் போன நூற்பாலையில் நூலை முறுக்கும் ரிங் ஃபிரேம் இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது, இதோ இரண்டு பக்கமும் அச்சு அசலான பிம்பம் என்று பக்கத்தில் இருந்த மேலாளரிடம் சொன்னேன். அவர் மறுத்தார். நூல் சுற்றும் தண்டுதான் ஸ்பிண்டில்; இந்தப் பக்கத்து ஸ்பிண்டிலும் அந்தப் பக்கத்து ஸ்பிண்டிலும் ஒரே திசையில்தான் சுழல்கின்றன. இங்கே இரண்டு அங்கே இரண்டு என்று நான்கு ஸ்பிண்டிலை ஒரே டேப் சுற்றி ஓட்டுகிறது. நூலின் முறுக்குக்கும் கை உண்டு: இழைகள் சாயும் திசை ஆங்கில எழுத்து இசட்டின் நடுக்கோட்டைப் போலிருந்தால் இசட் முறுக்கு, எஸ்ஸின் நடுக்கோட்டைப் போலிருந்தால் எஸ் முறுக்கு. ஒற்றை நூல் பெரும்பாலும் இசட். உண்மையிலேயே ஒரு பக்கம் மற்றதன் பிம்பமாக இருந்தால் ஒரே இயந்திரத்தின் இந்தப் பக்கம் இசட் நூலும் அந்தப் பக்கம் எஸ் நூலும் வரும். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் மில்லுக்குக் கெட்ட பெயர். பிம்பம்போல் தெரியும் அந்த இயந்திரத்தில் ஸ்பிண்டில்கள் பிம்பங்கள் அல்ல, அரைவட்டம் திருப்பி வைத்தவை. அங்கே என் மேக்ரோவை ஓட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

எது இடம், எது வலம் என்பது அதைவிடப் பெரிய தலைவலி. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் வலம்புரிச் சங்கை விலங்கியல்காரர்கள் இடச்சுழி என்கிறார்கள்; கடலில் மலிந்து கிடக்கும் இடம்புரியை வலச்சுழி என்கிறார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள், நாம் வால் மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறோம். சுழி மாறவில்லை, பிடித்த விதம் மாறியிருக்கிறது. என் கன்வேயரில் ‘இட’ என்பது கோன் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடது. பேக்கிங் மேசையில் நிற்பவருக்கு அது வலது. பிராக்கெட்டுகள் ஜோடியாக வந்ததால் இந்தக் குழப்பம் பலமுறை தானாகவே அடங்கிப் போனது.

வரைபடத்தைப் பார்க்கும் விதத்திலும் இதே சங்குதான். பொருளின் பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு நம் நாட்டுப் பாடத்திட்டமும் தரநிலையும் சொல்வது முதல் கோண வீழ்ப்பு. அமெரிக்கப் பழக்கம் மூன்றாம் கோணம். ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் கவிழ்ந்த பாகம் கையில் வரும். எது என்று சொல்ல மூலையில் நறுக்கிய கூம்பின் படம் ஒன்று கொசு அளவில் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. நானும் ஒருமுறை பார்க்கவில்லை. முந்தைய வேலைக்காக மூன்றாம் கோணத்தில் வைத்திருந்த அமைப்பை மாற்றாமலே கோடி மூடியின் வரைபடத்தை அனுப்பினேன். போதாததற்கு அதில் இடத்துக்குப் பதில் வலத்தை வரைந்திருந்தேன். பட்டறையில் வழக்கம்போல் முதல் கோணமாகப் படித்தார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று தின்றுவிட, மூடி கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வருடம் கழித்து உடைந்த மூடிக்கு மாற்று கேட்டபோது, கூம்பை ஒழுங்காகப் பார்க்கும் ஒரு பட்டறைக்கு வரைபடம் போயிற்று. அவர்கள் சரியாகச் செய்தார்கள். அது பொருந்தவில்லை.

பொத்தான் இருக்கும் மென்பொருளில் எப்படி என்று நண்பர் ஒருவர் அலுவலகத்தில் சாலிட்வொர்க்ஸில் போய்ப் பார்த்தேன். பொறாமையோடுதான் போனேன். தளத்தைத் தேர்ந்தெடுத்தார், பாகங்களைத் தேர்ந்தெடுத்தார், அடுத்த பக்கத்தில் மென்பொருள் நின்றது. ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் வரிசையாகக் காட்டி, இதைத் திருப்பி வைத்தால் போதுமா, எதிர்க்கைப் பாகமாகப் புதிதாக உண்டாக்க வேண்டுமா என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எங்கள் ஃபிட்டர் அண்ணன் கேட்ட அதே கேள்வி. நண்பர் படிக்காமல் ‘சரி’யை அழுத்தினார். அவருடைய பட்டறைச் சுவரிலும் கொக்கிகள் இருக்குமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இப்போது எங்கள் உருப்படிப் பட்டியலில் அளவு, பொருள், எண்ணிக்கைக்கு அடுத்து ‘கை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஃபிட்டர் அண்ணன் கேட்டு வாங்கியது. பெரும்பாலும் அதில் ஒரு சிறு கோடுதான் இருக்கும்.

அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று இன்னும் எனக்குத் தகராறாக இருப்பது கியர் மோட்டார் ஒன்றுதான். அதைக் கவிழ்க்க முடியாது. கடையில் எப்படி விற்கிறார்களோ அப்படித்தான் வரும். வெளியே வரும் தண்டு எந்தப் பக்கம், மின்கம்பி நுழையும் பெட்டி எந்தப் பக்கம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். போன வாரம் இரண்டாவது கன்வேயருக்கு மோட்டார் சொல்லும்போது, பெட்டி இடது பக்கம் என்று தொலைபேசியில் சொன்னேன்.

“எங்கே நின்று பார்த்தால் இடது, சார்?” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு இறங்கிப் போய், பழைய மோட்டாருக்குப் பின்னால் நின்றேன்.